வார்ப்புப் பட்டறையில் பழகுநர் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது?

சுவாமிமலை முறை வார்ப்பு என்பது மெழுகில் சிலை செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இதில் மெழுகு, மண் பூச்சு, உலை, சீவுளி (வார்த்த சிலையைச் செதுக்கி முடிப்பது) என வேலையைப் பிரித்து எழுதுங்கள். தவறினால் நட்டம் குறைவான மெழுகே முதல் பாடம், கெட்டாலும் உருக்கிக்கொள்ளலாம். அதன் எடையைப் போல 8 முதல் 10 மடங்கு உலோகம் தேவை என்ற கணக்கையும் அப்போதே பழக்குங்கள்.

அதிக நாள் மண்ணுக்குத்தான். சலித்து அரைத்த காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, நிழலில் உலர்ந்த பிறகே அடுத்த பூச்சு. ஈரம் தங்கிய அச்சில் உலோகத்தை ஊற்றினால் நீராவி கிளம்பித் தெறிக்கும், சிலையில் ஓட்டை விழும், கையும் வெந்துபோகும். உலர்வைத் தானே கணிக்கும்வரை பழகுநரை உலைப்பக்கம் விடவே கூடாது.

பயிற்சிக் காலம், உதவித்தொகை இரண்டையும் 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்யுங்கள்.