உடைந்த கிரேயானைத் தூக்கிப் போடாதீர்கள்: 2 முதல் 6 வயதுவரை வண்ணம் தீட்டப் பழக்கும் முறை

எல்.கே.ஜி.யில் சேர்ந்த மாதமே குழந்தை ‘அ’ எழுதிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ‘ட’, ‘ப’ நேர்கோடுகள், எப்படியோ வந்துவிடும். ‘அ’, ‘இ’, ‘ண’ எல்லாம் சுழி. சுழியைத் திருப்ப விரல் நுனிகள் தனியாக அசைய வேண்டும். அதற்கு முன்னால் தோள் உறுதிப்பட வேண்டும், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு. இந்த வரிசையைக் குழந்தை அலுக்காமல் கடக்க வண்ணம் தீட்டுவதைப் போல எளிய வழி குறைவு. ஆனால் மாம்பழம் அழகாக மஞ்சளானதா என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. கையைப் பாருங்கள்.

ஒன்றரை, இரண்டு வயதில் கிரேயானைக் கத்திபோல முஷ்டியில் பிடித்து, தோளிலிருந்து கை முழுவதையும் வீசும். இரண்டரை, மூன்றில் விரல்கள் எல்லாம் தாளை நோக்கிக் கவிழ்ந்து பிடிக்கும். அசைவு முழங்கைக்கு இறங்கியிருக்கும். மூன்றரை, நான்கில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் சேரும், ஆனால் மணிக்கட்டுதான் ஆடும். ஐந்து வயதையொட்டி மணிக்கட்டு தாளில் அமர்ந்துவிட, விரல்கள் மட்டும் நகரும். ஒவ்வொரு கட்டமும் ஆறு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். குழந்தையின் விரல்களைப் பிடித்து மூன்று விரல் பிடிக்கு மாற்றுவது வீண்வேலை. நீங்கள் கையை எடுத்ததும் பழைய பிடிக்கே போய்விடும்.

பிடியை மாற்ற வேண்டுமானால் பொருளை மாற்றுங்கள்.

முஷ்டிப் பிடி உள்ள குழந்தைக்கு விரல் பருமனுக்கு மேலான ஜம்போ கிரேயான் போதும். நான்கு நிறம் கொடுத்தாலே அதிகம். மூன்று வயது தாண்டி, பொருளை வாயில் வைக்கும் பழக்கமும் நின்றபின், சாதாரணக் கிரேயானை 2 அல்லது 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். அந்தத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, இடம் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டியும் தாமாகவே நுனிக்கு வரும், நடுவிரல் கீழே தாங்கும். பத்து நாள் பயிற்சிப் புத்தகம் செய்யாததை இந்தத் துண்டு செய்யும். சாக்பீஸ் துண்டும் அப்படியே. மூன்று வயதுக்குக் கீழே மட்டும் துண்டுகள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும் அளவு அது.

ஸ்கெட்ச் பேனா பளிச்சென்று வரும், குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் அழுத்தாமலே நிறம் கொட்டுவதால் விரலுக்கு வேலை இல்லை. மெழுகுக் கிரேயானில் அழுத்தினால்தான் அடர்த்தி வரும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண் உடனே காட்டிவிடும். ஆயில் பேஸ்டல் இரண்டுக்கும் நடுவே: மெதுவாக அழுத்தினாலே படியும், கையும் சட்டையும் சேர்ந்து நிறமாகும். விரலில் வலு குறைந்த குழந்தைக்கு அதில் தொடங்கி கிரேயானுக்கு வரலாம். கலர் பென்சில் நாலரை வயதுக்குப் பிறகு.

உட்காரும் விதத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரே தவறு: பெரியவர் மேசை, தொங்கும் கால். பாதம் தொங்கினால் உடம்பைத் தாங்கவே ஒரு கை மேசையில் ஊன்றிவிடும். தாளைப் பிடிக்கக் கை மிச்சமிருக்காது. காலுக்கடியில் பழைய பேப்பர் கட்டோ மரப்பலகையோ வைத்துப் பாதம் பதிய விடுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தரையில் குப்புறப் படுத்துத் தீட்டுவதும் நல்லதே, தோளுக்கு அதுதான் உடற்பயிற்சி. இன்னும் நல்லது சுவர்: சார்ட் பேப்பரைக் குழந்தையின் கண் உயரத்தில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். நின்றபடி தீட்டும்போது மணிக்கட்டு தானாகப் பின்னோக்கி வளையும். எழுதும்போது தேவைப்படும் வளைவு அதுதான்.

படத்துக்கு வருவோம். இரண்டு வயதில் படமே வேண்டாம், வெற்றுத்தாள் போதும். மூன்றில் ஏ4 தாள் முழுக்க ஒரே பொருள்: ஒரு மாம்பழம், ஒரு பலூன். கோட்டைத் தடித்த மார்க்கரால் 4 அல்லது 5 மி.மீ. அகலத்தில் வரையுங்கள். நான்கில் ஐந்தாறு பகுதியுள்ள படம். குடை, மீன் போல. மயில் தோகையும் சின்னச்சின்னப் பூவும் ஐந்துக்குமேல். கடையில் வாங்கும் புத்தகங்கள் இதைக் கவனிப்பதே இல்லை, முதல் பக்கத்திலேயே தோகை விரித்த மயில் நிற்கும்.

கோட்டுக்குள் நிற்கச் சொல்லித் திட்டுவதைவிட, கோட்டைத் தொட்டுணர வையுங்கள். படத்தின் எல்லையில் ஃபெவிகாலை 2 மி.மீ. தடிமனில் பிழிந்து இரவு முழுக்கக் காய விடுங்கள். காலையில் கெட்டியான மேடு இருக்கும். கிரேயான் அதில் முட்டி நிற்கும். நிற்க வேண்டிய இடம் கைக்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் இப்படி, அடுத்த வாரம் வெறும் தடித்த கோடு, அதற்கடுத்து மெல்லிய கோடு. பசை ஈரமாக இருக்கும்போதே கொடுத்துவிட்டால் மொத்தமும் நாசம்.

நேரம் மூன்று வயதில் ஐந்து நிமிடம், ஐந்து வயதில் பதினைந்து. பாதியில் எழுந்தால் விட்டுவிடுங்கள்.

எங்கே இடறும்? தாளின் பின்பக்கம் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அழுத்தம் அதிகம்; மூன்று நான்கு தாளை அடியில் வைத்து, கீழ்த்தாள்களில் தடம் விழாமல் தீட்டச் சொல்லி விளையாடலாம். நிறம் வெளிறியே வந்தால், தாளுக்கு அடியில் உப்புத்தாளை வையுங்கள். சொரசொரப்பு கையை அழுத்த வைக்கும். தாள் நகர்ந்துகொண்டே இருந்தால் மறு கை சும்மா இருக்கிறது என்று பொருள். அதற்கு டேப் ஒட்டாதீர்கள், அந்தக் கை பிடித்துப் பழகட்டும். இடது கைப் பழக்கம் உள்ள குழந்தைக்குத் தாளின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து வையுங்கள், கையை மாற்றச் சொல்லாதீர்கள். ஐந்தரை வயதிலும் முஷ்டிப் பிடி, இரண்டு நிமிடத்தில் கைவலி என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறப்பெயர்கள் நன்றாகத் தெரிந்தபின்னும் சிவப்பையும் பச்சையையும் தொடர்ந்து மாற்றி எடுத்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறக்குறைபாடு ஆண் குழந்தைகளுக்கே அதிகம்.

பேச்சும் இதோடு சேர்ந்து வளரும், வினாடி வினா நடத்தாமல் இருந்தால். “இது என்ன கலர்?” என்று கேட்டால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். “இலை கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?” என்று கேட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். புடவைக்கடையில் புழங்கும் அரக்கு, மயில்கழுத்து, கத்திரிப்பூ எல்லாம் கையில் இருக்கும்போது வெறும் சிவப்பு, நீலத்தோடு நிறுத்துவானேன்? யானையை ஊதாவாகத் தீட்டினால் திருத்தாமல், “இது எங்கே போகுது?” என்று கேளுங்கள்.

கடைசியாக, கறை. துணியில் ஒட்டிய மெழுகை முதலில் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் வெள்ளைக் காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் காகிதம் மெழுகை உறிஞ்சும். மிச்சம் நிறத்தைச் சோப்பில் துவைக்கலாம். எமல்ஷன் அடித்த சுவரில் ஈரத்துணியில் சமையல் சோடாவைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போகும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் இதைச் செய்யாதீர்கள், கிரேயானோடு சுவரின் நிறமும் சேர்ந்து வந்துவிடும்.