வாசிப்பு, இலக்கியத் தேர்வுக்கு மாணவரைத் தயார்படுத்துவது

முதல் வகுப்பிலேயே ஒரு முழு மாதிரித் தேர்வு வைத்துவிடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில், அதற்கு ஆதாரமான வரியின் எண்ணை எழுத வேண்டும். மையக்கருத்தைக் கேட்கும் வினாவுக்கு மட்டும் வெவ்வேறு பத்திகளிலிருந்து 2 வரிகள்.

திருத்தும்போது மதிப்பெண்ணைவிட இந்த எண்கள்தான் அதிகம் சொல்லும். வரி சரி, விடை தவறு என்றால் மாணவர் வாசிப்புப் பகுதியைப் புரிந்துகொண்டு, வினாவின் கீழ் கொடுத்த விடைத் தெரிவுகளில் சறுக்கியிருக்கிறார். விடை சரி, வரி தவறு என்றால் குருட்டு யோகம். அடுத்த முறை கைகொடுக்காது. வரியே இல்லையென்றால் பொது அறிவை வைத்து எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் மருந்து வேறு.

நன்றாக வாசிக்கிற பிள்ளைகளும் கோட்டைவிடும் இடம் தெரிவுகள்தான். இந்த இரு வாக்கியங்களைப் பாருங்கள்: ‘மழை விட்டு வெகுநேரமாகியும் அவன் குடையை மடக்கவில்லை. எதிரே வருபவர்களுக்கு முகம் தெரியாதபடி தாழ்த்திப் பிடித்திருந்தான்.’ இவனைப் பற்றி என்ன ஊகிக்கலாம்?

அ) ஞாபகமறதிக்காரன்
ஆ) தன்னை யாரும் அடையாளம் காண வேண்டாம் என்று நினைக்கிறான்
இ) மறுபடி மழை வரும் என்று அஞ்சுகிறான்
ஈ) மனிதர்கள் எல்லோரையும் வெறுக்கிறான்

விடை ஆ. ‘அ’வும் ‘இ’யும் முதல் வாக்கியத்துக்குப் பொருந்தும், இரண்டாவதில் உடைந்துவிடும். ‘ஈ’ சரியான திசையில் போய் எல்லை தாண்டுகிறது. ‘எல்லோரையும்’ என்ற ஒரு சொல்லே அதைக் கெடுக்கிறது. இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது: பகுதியில் உண்மையாகவே இருக்கும் செய்தி, ஆனால் கேட்ட கேள்விக்கு விடை அல்ல. அவசரத்தில் வாசிப்பவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

இதைப் பழக்க, வாரம் ஒருமுறை மாணவர்களையே தவறான தெரிவுகள் எழுதச் சொல்லுங்கள். ஒரு வினா, ஒரு சரியான விடை கொடுத்துவிட்டு, நம்பும்படியான 3 தவறான விடைகள் கேட்டால் போதும். கண்ணி வைக்கத் தெரிந்தவருக்குக் கண்ணி தெரியும்.

கவிதை வந்தால் பலர் வரி முடிகிற இடத்தில் பொருளும் முடிகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். முதலில் வரிப் பிரிவை மறந்து, வாக்கியம் வாக்கியமாக உரைநடைபோல் வாசிக்கட்டும்: யார் செய்கிறார், என்ன செய்கிறார். பிறகு பேசுவது யார், யாரிடம் என்று குறிக்கட்டும். பேசும் குரலைக் கவிஞராகவே எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. ‘ஆனால்’, ‘இப்போது’, ‘இருந்தும்’ போன்ற திருப்பச் சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள். தொனி பற்றிய வினாவுக்கு விடை பெரும்பாலும் அதன் பின்னால் இருக்கும். உவமை, உருவகம் என்று பெயர் சொல்வதோடு நிறுத்த விடாதீர்கள். அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

கடிகாரத்தைக் கடைசி 3 வாரத்தில் கொண்டுவந்தால் போதும். முன்னதாகவே வைத்தால் வரியைத் தேடும் பழக்கம் போய் ஊகிக்கும் பழக்கம் வந்துவிடும். 60 நிமிடத்தில் 4 பகுதி, 40 வினா என்றால் பகுதிக்கு 14 நிமிடம்: வாசிக்க 5, விடையளிக்க 9. மீதி 4 நிமிடம் சரிபார்க்க. வினாக்களை முன்கூட்டியே ஒரு பார்வை பார்க்கலாம். தெரிவுகளைப் பார்க்கக் கூடாது. தவறான கருத்து மனதில் ஒட்டிக்கொண்டால் வாசிப்பே கோணலாகிவிடும்.

விடைத்தாளில் வட்டங்களைப் பகுதி முடிந்ததும் மொத்தமாக நிரப்பட்டும். எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்தால், இடையில் விட்ட ஒரு வினாவால் அதன் பின்னுள்ளவை அத்தனையும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும்.

தவறுக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. 4 தெரிவு இருந்து, தவறுக்கு மூன்றிலொரு பங்கு குறைத்தால் குருட்டு ஊகத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு தெரிவையாவது தவறென்று உறுதியாக அடித்துவிட்டால்தான் ஊகிப்பது லாபம்.