மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

அம்மாவுக்கு வலது முட்டியை மாற்றி ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் செய்தார்கள். கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது: எங்கள் வாசலில் மூன்று படி இருக்கிறது, பிடித்து ஏற ஒரு கம்பிகூட இல்லை. ஆஸ்பத்திரியில் மணி அடித்தால் நர்ஸ் வந்தார். இங்கே நான், அப்பா, ஒரு பை நிறைய மாத்திரை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பாவுக்கு இடது முட்டி மாற்றியபோது அவ்வளவு திணறவில்லை. இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டதில் கற்றதை, முதல் தடவையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். அவர்கள் உங்கள் வீட்டு ஆளின் முட்டியைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

படி 1: ஆபரேஷனுக்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள்

மாடி வீடு என்றால் படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். கட்டிலும் நாற்காலியும் உயரமாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கிற உயரம் போதும். நாற்காலிக்குக் கட்டாயம் இரண்டு பக்கமும் கை வேண்டும். சோபா வேண்டாம்; உள்ளே புதைந்துவிட்டால் எழ முடியாது.

கழிவறை இந்திய முறை என்றால், கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். குளியலறையில் சுவரோடு ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவிடுங்கள். மிதியடி, சுருண்டு கிடக்கும் ஜமுக்காளம், குறுக்கே ஓடும் சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாசல் தெளித்த தண்ணீர் காயும்வரை அந்தப் பக்கம் நடக்க விடாதீர்கள். ராத்திரி கட்டிலிலிருந்து கழிவறைவரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். புடவையோ வேட்டியோ காலில் சிக்கும். நைட்டி, தளர்ந்த அரைக்கால் சட்டை மாதிரி உடுத்தினால் காயத்தைப் பார்க்கவும் வசதி.

படி 2: எழுவது, நடப்பது, படி ஏறுவது

முதலில் வாக்கரின் உயரம். நோயாளி நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், வாக்கரின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். தாழ்ந்திருந்தால் கூன் போட்டு நடப்பார்கள், முதுகு வலிக்கும்.

நடக்கும் வரிசை இதுதான்: வாக்கரை ஒரு எட்டு முன்னால் வைக்க வேண்டும், பிறகு ஆபரேஷன் செய்த கால், கையில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு கடைசியாக நல்ல கால். திரும்பும்போது சின்னச் சின்ன எட்டாக வைத்துத் திரும்ப வேண்டும். ஆபரேஷன் செய்த காலை ஊன்றியபடி உடம்பைத் திருகக் கூடாது.

எழுவதில்தான் வீட்டு ஆட்கள் எல்லோரும் தவறு செய்கிறோம். முதல் நாள் அம்மா, "பிடிச்சுத் தூக்கு பாப்பா, நான் விழுந்துருவேன்" என்றார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவருக்குத் தோள் வலித்தது, எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, முட்டிக்கும் எந்தப் பயனும் இல்லை. மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "நாற்காலி நுனிக்கு வாங்கம்மா. வலது காலை முன்னாடி நீட்டுங்க. நாற்காலிக் கையை அழுத்தி எழுந்திருங்க. நின்ன பிறகு வாக்கரைப் பிடிச்சாப் போதும்." வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது கவிழ்ந்துவிடும். அம்மா முகம் சுளித்தார், மூச்சை அடக்கினார், எழுந்துவிட்டார். நான் பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றேன், தொடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் முறை: பக்கத்தில் நிற்பது, தூக்காமல் இருப்பது.

படி ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே போகும். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் கீழே வரும். கூட வருபவர் எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். வாக்கரோடு படி ஏற விடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை செய்து காட்டிய பிறகு ஏறினால் போதும்.

படி 3: முட்டிக்கு அடியில் தலையணை வேண்டவே வேண்டாம்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வலிக்கிறதே என்று அப்பா மெத்தென்ற ஒரு தலையணையை முட்டிக்கு அடியில் வைத்தார். அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் முட்டி லேசாக மடங்கிய நிலையிலேயே பல மணி நேரம் கிடந்தால் அப்படியே இறுகிப்போகும். பிறகு கால் முழுசாக நீளாது, நடை நொண்டும். தலையணையைக் கணுக்காலுக்குக் கீழே வையுங்கள். முட்டிக்கு அடியில் வெறும் காற்று இருக்கட்டும், கால் தன் எடையால் தானாக நேராகும். முதல் சில நாள் இது சுகமாக இருக்காது. பத்து நிமிடம் வைத்து, எடுத்து, மறுபடி வையுங்கள்.

பயிற்சிகளில் வீட்டில் தினமும் செய்ய வேண்டியவை நான்கு.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை. கெண்டைக்காலில் ரத்தம் தேங்கி உறையாமல் இருக்க இது உதவும்.

குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. ஆபரேஷன் முடிந்தவுடன் தொடைத் தசை வேலை செய்ய மறுக்கும், அதை எழுப்புவது இந்தப் பயிற்சிதான்.

மல்லாந்து படுத்துக் குதிகாலைப் பின்பக்கமாக இழுத்து முட்டியை மடக்குவது. காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்தால் வழுக்கிக்கொண்டு போகும். துணிக்கடைக் கவர் ஒன்று எங்கள் வீட்டில் ஆறு வாரம் கட்டிலிலேயே கிடந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்கு அடியில் துணியை வைத்துத் தரையில் பின்னால் இழுப்பது. முடிகிற அளவு இழுத்து, ஐந்து எண்ணி, விட வேண்டும்.

இரண்டு, மூன்று வாரத்தில் 90 டிகிரி மடங்கினால் நல்ல முன்னேற்றம் என்பார்கள். நாற்காலியில் சாதாரணமாக உட்கார அவ்வளவு வேண்டும். எழவும் படி இறங்கவும் இன்னும் கொஞ்சம் வேண்டும். முதல் ஆறு வாரம்தான் முட்டி சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு உள்ளே தழும்பு இறுகிவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைகூட வரலாம். அதனால் வலிக்கிறது என்று பயிற்சியை நிறுத்தாதீர்கள், வலிக்கு வழி பண்ணுங்கள். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வருகிற மாதிரி நேரம் அமைத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

படி 4: ஐஸ்

பயிற்சி முடிந்ததும் ஐஸ். மெல்லிய துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து தடவை. நேராகத் தோலில் வைக்கக் கூடாது. முட்டியின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கும், அதனால் குளிர் சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

வீக்கம் சாயங்காலம் கூடும், காலையில் குறையும். பகலில் இரண்டு, மூன்று தடவை காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தூக்கி வைத்துப் படுக்கட்டும். கணுக்கால்வரை ஊதா நிறத்தில் கன்றியிருப்பதும், முட்டி சில மாதம்வரை லேசான சூடாக இருப்பதும், நடக்கும்போது 'டிக்' என்று சத்தம் கேட்பதும் பெரும்பாலும் வழக்கமானவைதான். வெந்நீர் ஒத்தடம், தைலம் தேய்ப்பது, நாட்டுக் கட்டு எதுவும் இப்போது கூடாது. நல்லெண்ணத்தோடு எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு வரும் சொந்தக்காரர்களை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

படி 5: காயம்

தையலையோ தோலைச் சேர்த்து அடித்த உலோகப் பின்களையோ வழக்கமாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை டாக்டர் அனுமதிக்காமல் காயம் நனையக் கூடாது. உடம்பைத் துடைத்துவிடுங்கள். கட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மஞ்சள், விபூதி, பவுடர் எதையும் காயத்தில் தூவ வேண்டாம்.

சர்க்கரை இருப்பவர்கள் இந்த நாட்களில் கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். பார்க்க வருகிறவர்கள் இனிப்புப் பெட்டியோடுதான் வருவார்கள். சித்தப்பா வீட்டில் அதை வாசலிலேயே வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டோம்.

படி 6: மாத்திரையும் சாப்பாடும்

ஒரு தாளில் நேரம் எழுதி, கொடுத்ததும் டிக் அடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையையோ ஊசியையோ சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது மருந்துக் கடையில் தானாக வேறு வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு ஏற்படலாம். மலம் கறுப்பாகப் போனாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிரமடால் மாதிரியான வீரியமான வலி மாத்திரையும் படுக்கையும் சேர்ந்தால் நான்கு நாள் போகாது. தண்ணீர், கீரை, கொய்யா, வாழைத்தண்டு நிறையக் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று அம்மா தண்ணீரையே குறைத்துவிட்டார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. காயம் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, பச்சைப்பயறு, சுண்டல். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு சேர்க்கவும்.

படி 7: எப்போது உடனே போன் செய்ய வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், காயத்தில் சீழோ நீரோ கசிந்தால், சிவப்பு பரவினால், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறினால் அன்றே டாக்டரிடம் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, கெட்டியாகி, தொட்டால் வலித்தாலும் அப்படியே. இரண்டு காலையும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

படி 8: இரண்டாவது வாரம்

முதல் வாரம் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் கூட்டம் போய்விடும், வலி போகாது, தூக்கம் வராது. அம்மா ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, "எதுக்குடி இதைப் பண்ணிக்கிட்டேன்" என்று அழுதார். அந்த நேரத்தில் அறிவுரை சொல்லவில்லை. ஐஸ் வைத்தேன், பாதத்தைப் பிடித்துவிட்டேன், விடியும்வரை பக்கத்தில் இருந்தேன். காலையில் முந்தின வாரத் தாளைக் காட்டினேன். முதல் நாள் கட்டிலிலிருந்து கதவுவரை, இப்போது வாசல்வரை என்று எழுதியிருந்தது. நடந்த தூரத்தையும் அப்படி எழுதி வையுங்கள், அவர்களுக்கே தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும்.

பிறகு

பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளைப் பத்திரப்படுத்துங்கள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் ஒலித்தால் விவரம் சொல்லிவிடலாம். பல் பிடுங்கப் போனால் செயற்கை மூட்டு இருப்பதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வண்டி ஓட்டுவதை டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

சம்மணம் போட்டு உட்காருவதையும் குத்துக்காலிடுவதையும் அம்மாவின் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவுக்கு மற்றதையெல்லாம்விட அதுதான் வருத்தம், தினமும் சாமிக்குப் பூத்தொடுப்பவர். பூஜை அலமாரியை இரண்டு அடி உயர்த்தி அடித்து, முன்னால் கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டோம். இப்போது மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்துதான் தொடுக்கிறார். முடிந்ததும் நாற்காலிக் கையை அழுத்தித் தானே எழுந்துகொள்கிறார்.