இணைய மேற்கோளா? முதலில் நகல் எடுங்கள்

ஆய்வுக் கட்டுரையில் இணைய முகவரியை மட்டும் போட்டால் போதாது. பக்கம் மாறலாம், காணாமலே போகலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைப்புகளில் ஏறக்குறையப் பாதி, மேற்கோள் காட்டிய தகவலைத் தருவதில்லை என்று 2014இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று காட்டியது.

அதனால் படித்த அன்றே, இணையப் பக்கங்களின் நகல்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்துக்குப் போய், 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் முகவரியை ஒட்டிச் சேமியுங்கள். கிடைக்கும் புது முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் பார்த்த பக்கம் அன்று எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மூல முகவரி, சேமித்த முகவரி, பார்த்த தேதி மூன்றையும் குறிப்பில் கொடுங்கள். சேமித்த பக்கத்தை ஒருமுறை திறந்தும் பாருங்கள். சில தளங்களில் படமோ அட்டவணையோ விடுபட்டுவிடும். உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களை இப்படிச் சேமிக்க முடியாது, அவற்றுக்குப் பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்விதழ்க் கட்டுரை என்றால், அதற்கென்று தரப்பட்ட நிலையான அடையாள எண்ணான டிஓஐ போதும். இதழின் தளம் இடம் மாறினாலும், பதிப்பாளர் புது முகவரியைப் பதிந்துவிடுவதால் அந்த எண் சரியான இடத்துக்கே கொண்டுபோகும்.

அப்புறம், விக்கிப்பீடியாவைச் சுட்ட நேர்ந்தால் 'நிலையான தொடுப்பு' என்பதைச் சொடுக்கி, நீங்கள் படித்த அந்தப் பதிப்பின் முகவரியையே கொடுங்கள். சுருக்கிய இணைப்புகளை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.