கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தை எடைபோடும் முறை

போர்க்காலத்தில் குடிமக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாமா என்று முடிவுசெய்வதற்கு முன், அதற்கான சட்ட வரைவை முழுமையாகப் படியுங்கள். முதலில், அந்த அதிகாரம் எப்போது முடிவடைகிறது என்று பாருங்கள். காலவரம்பும் நாடாளுமன்றத்தின் மறுஒப்புதலும் இல்லாத சட்டத்தை ஏற்க வேண்டாம்.

அடுத்து, விலக்குகளை ஒவ்வொன்றாக ஆராயுங்கள்; அநீதி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863ஆம் ஆண்டுச் சட்டம் 300 டாலர் செலுத்தியவருக்கு விலக்கு அளித்ததால், சுமை ஏழைகள் மீது விழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க்கில் வெடித்த கலவரத்துக்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்பவருக்கு என்ன வழி என்பதே, என் பார்வையில், தீர்க்கமான கேள்வி. பிரிட்டனின் 1916ஆம் ஆண்டுச் சட்டமே அத்தகையோர் தீர்ப்பாயங்களில் விலக்குக் கோர இடமளித்தது என்றாலும், கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பின்னும் பணிய மறுத்த பலர் சிறை சென்றனர். ஆகவே, மாற்றுப் பணி உண்டா, அதன் காலம் தண்டனை போல நீள்கிறதா, விண்ணப்பத்தை விசாரிப்பவர்கள் படைத்துறைக்கு வெளியே உள்ளவர்களா என்று சரிபாருங்கள். மாற்றுப் பணிக்கு வழிசெய்யாத சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தென்கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பை உங்கள் வாதத்தில் எடுத்துக்காட்டலாம்.