வெயில் ஊரில் வீட்டு பிரெட்: அலாரத்தை அணைத்துவிட்டுச் செய்யும் முறை

முதல் பிரெட்டை யாரும் சாப்பிடவில்லை. இரண்டாவதைக் காப்பியில் முக்கிச் சாப்பிட்டோம். மூன்றாவது டின்னைத் தாண்டிக் கோபுரமாக எழுந்து நின்றது. ஓடிஜிக்குள் (மேடையில் வைக்கும் சின்ன மின்சார அவன்) வைத்துக் கதவைச் சாத்திய ஐந்தாவது நிமிடம், நடுவில் பள்ளம் விழுந்து அமுங்கிவிட்டது. கண்ணாடிக் கதவின் முன்னால் நானும் மனைவியும் குனிந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் தோல்விக்குக் காரணம் அன்றே தெரிந்துவிட்டது. பாலை வெதுவெதுப்பாகச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. என் கைக்கு வெதுவெதுப்பு என்றால் காப்பிச் சூடு. 60 டிகிரியை எட்டிய பாலில் ஈஸ்ட் செத்துப்போகும். செத்த ஈஸ்ட் எப்படி மாவை எழுப்பும்? மற்ற இரண்டையும் கெடுத்தது நான் கைப்பேசியில் வைத்த ஒரு மணி நேர அலாரம். அதைக் கண்டுபிடிக்க நான்காவது ஞாயிற்றுக்கிழமை வரை ஆயிற்று. அதற்குப் பிறகு வாரம் ஒரு பிரெட் வீட்டில்தான். கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டோம். எங்களைப் போல இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்த அளவு போதும்.

மைதா 300 கிராம்
பால் 120 கிராம்
தண்ணீர் 75 கிராம்
சர்க்கரை 18 கிராம்
உப்பு 6 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் (மார்கழி, தை மாதங்களில் 4)
உப்பில்லாத வெண்ணெய் 25 கிராம்

பாலையும் தண்ணீரையும்கூடக் கிராமில்தான் சொல்லியிருக்கிறேன். பாத்திரத்தைத் தராசில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். கப், டம்ளர் எதையும் கழுவ வேண்டாம். கப் கணக்கு எனக்கு ஆகாது. ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு எடை, அழுத்தி அள்ளினால் வேறு எடை. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு இல்லாமல் பிரெட்டில் இறங்காதீர்கள். ஓடிஜியில்கூடச் சிக்கனம் பார்க்கலாம், தராசில் கூடாது.

மைதா பாக்கெட்டைத் திருப்பிப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ஈஸ்ட்டில் இன்ஸ்டன்ட் வகையே போதும்; அதை ஊறவைக்காமல் நேராக மாவில் கலக்கலாம். பாக்கெட்டைப் பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். டின் எட்டுக்கு நான்கு அங்குலம்.

எங்கள் சமையல் மேடை ஒருவர் நிற்கும் அகலம்தான். இருவர் சேர்ந்து செய்யும்போது முதலில் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: அளப்பவர் ஒருவர், பிசைபவர் மற்றவர், இடையில் கை மாறக்கூடாது. ஒரு வாரம் அவள் உப்புப் போட்டாள். அவள் போட்டது தெரியாமல் நானும் போட்டேன். மாவு வழக்கத்தைவிட மிக மெதுவாகவே எழுந்தது. எழுந்தும் பயனில்லை, கருவாடு தோற்றது. அடுத்த வாரம் அவள் போட்டிருப்பாள் என்று நானும், நான் போட்டிருப்பேன் என்று அவளும் இருந்துவிட்டோம். உப்பில்லாத மாவு கட்டவிழ்ந்த கன்று போல ஓடியது. ஈஸ்ட்டுக்கு உப்புதான் கடிவாளம்.

பிசைவது

வெண்ணெயைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்து, உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குக் கலந்து, மூடிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பாலும் தண்ணீரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடே இருக்கட்டும். வெதுவெதுப்பான பால் என்பது குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் எழுதி வைத்தது. மதுரையில் மே மாதப் பிற்பகலில் எங்கள் சமையலறையே 35 டிகிரியில் இருக்கிறது. பிசையும் கையின் சூடு வேறு.

பிறகு ஐந்து நிமிடம் பிசைந்துவிட்டு வெண்ணெயைச் சேருங்கள். சேர்த்தவுடன் மாவு கையெல்லாம் ஒட்டி, நூல் நூலாகப் பிரிந்து, எல்லாம் கெட்டுவிட்டது போலத் தெரியும். அந்த நேரத்தில் மைதாவை அள்ளித் தூவத் தோன்றும். தூவாதீர்கள். இன்னும் ஆறேழு நிமிடம் மேடையில் அடித்து, இழுத்து, மடித்துப் பிசைந்தால் தானாகவே வழவழப்பாகிவிடும். பரோட்டாக் கடையில் மாஸ்டர் வீசும் மாவைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை அளவு எடுத்து இரண்டு கையாலும் மெல்ல விரித்தால், கிழியாமல் அந்த மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். கிழிந்தால் மேலும் மூன்று நிமிடம்.

மாவு எழும்புவது

இங்கேதான் நான் விழுந்தேன். ஒரு மணி நேரம் என்று குறிப்பில் இருந்தால் ஒரு மணி நேரம் விடுவேன். மூடியைத் திறக்கும்போது மாவு ததும்பிக்கொண்டிருக்கும். நன்றாக உப்பியிருக்கிறது என்று மகிழ்ந்துபோவேன். டின்னில் போட்டு மறுபடியும் ஒரு மணி நேரம். உண்மையில் நாற்பது நிமிடத்திலேயே அதன் வேலை முடிந்திருக்கும். மீதி நேரமெல்லாம் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போகும். மாவின் சவ்வு தாங்கும் எல்லை வரை விரிந்து மெலிந்துவிடும். அந்த நிலையில் ஓடிஜிக்குள் வைத்தால், சூடு பட்டு வாயு இன்னும் விரியும்போது சவ்வு அறுந்து பிரெட் உட்கார்ந்துவிடும். சர்க்கரை தீர்ந்துபோவதால் மேல் தோலும் சிவக்காது. இரண்டாவது பிரெட் வெளிறிப்போய்க் கள் வாடை அடித்ததற்கு இதுதான் காரணம்.

நான்காவது ஞாயிறு அலாரம் வைக்கக் கைப்பேசியை எடுத்தேன். உளுந்து களைந்துகொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இட்லி மாவுக்கு என்றைக்காவது அலாரம் வைத்திருக்கிறோமா?"

வைத்ததில்லை. சித்திரையில் இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கித் தட்டில் வழிந்திருக்கும். மார்கழியில் காலை எட்டு மணிக்கும் அசையாமல் கிடக்கும். இட்லி மாவைப் பெரும்பாலும் எழுப்புவது பாக்டீரியா, பிரெட்டை எழுப்புவது ஈஸ்ட். ஆனால் இரண்டுமே சூட்டைப் பார்த்து வேலை செய்கிறவை. நம் கடிகாரம் அவற்றுக்குத் தெரியாது. ஈஸ்ட்டும் நமக்குப் புதிதல்ல. ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்கவைத்த வீடுகளில் அந்த வேலையைச் செய்தது கள்ளிலிருந்த ஈஸ்ட்தான். கோவாவின் பழைய ரொட்டிக்காரர்களும் மாவில் கள்தான் சேர்த்தார்கள்.

அன்று அவள் செய்ததை இன்றும் செய்கிறோம். பிசைந்த மாவிலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி, நேரான பக்கங்கள் உள்ள சின்னக் கண்ணாடி டம்ளரில் வைத்து, விரலால் அழுத்திச் சமன் செய்வாள். மாவு நிற்கும் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்ட், அதைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொன்று. டம்ளரைப் பெரிய பாத்திரத்தை ஒட்டி வைத்து இரண்டையும் மூடிவிடுவாள். டம்ளர் மாவு மேல் ரப்பர் பேண்டைத் தொடும்போது பாத்திரத்து மாவும் இரண்டு மடங்காகியிருக்கும். அன்று அது தொட்டபோது நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. உருண்டையான பாத்திரத்தில் இரண்டு மடங்கு எது என்று கண்ணால் சொல்வது எனக்கு இன்றும் வரவில்லை. டம்ளரில் குழப்பமே இல்லை. கிள்ளிய மாவையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டின்னில் போடுவது

மாவை மேடையில் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டி, டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாக்குங்கள். பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, முடியும் விளிம்பைக் கிள்ளி ஒட்டுங்கள். ஒட்டிய பக்கம் கீழே இருக்க, வெண்ணெய் தடவிய டின்னில் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள்.

இரண்டாவது முறை டம்ளர் வேண்டாம், விரலே போதும். மைதா தொட்ட விரலால் ஓரத்தில் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. சோம்பலாக எழுந்து, லேசான குழி மிஞ்சினால் சரியான பதம். குழி அப்படியே நின்றால் தாண்டிவிட்டது. அப்போது மாவை வெளியே எடுத்து, தட்டி, மறுபடி சுருட்டி வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பதமான மாவு டின்னின் விளிம்புக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கும். வெயில் காலத்தில் எங்களுக்கு இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

மாவு பதத்துக்கு வந்த பிறகு ஓடிஜியைப் போடாதீர்கள். அது சூடாகப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் மாவு எல்லை தாண்டிவிடும். மாவு விளிம்பை எட்ட இன்னும் அரை அங்குலம் இருக்கும்போதே சுவிட்சைப் போட்டுவிட வேண்டும்.

வேகவைப்பது

190 டிகிரி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும், டின் கடைசித் தட்டில், 30 முதல் 35 நிமிடம். இருபதாவது நிமிடம் மேலே சிவந்திருந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். எங்கள் ஓடிஜியின் குமிழ் 190 என்று காட்டும்போது உள்ளே 165தான் இருக்கிறது. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்றை வாங்கிய பிறகே அது தெரிந்தது. ஒரு வருடம் எதையெடுத்தாலும் வேகவில்லை, வேகவில்லை என்று ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது குமிழை 215இல் வைக்கிறோம். உங்கள் குமிழ் எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் சொருக வேண்டும்.

டின்னிலிருந்து கவிழ்த்து அடியில் தட்டினால் காலிப் பானையைத் தட்டிய சத்தம் கேட்க வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் நடுவில் 93 டிகிரி. கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பல் வைத்த கத்தியால் அறுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை வாசனையோடு தாண்டுவது கடினம். சூட்டோடு அறுத்தால் நடுப்பகுதி பிசின் போலக் கத்தியில் இழுக்கும்.

பிறகு சேர்த்தவை

கோதுமை மாவில் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். பாதிக்குப் பாதி வரை நன்றாக வருகிறது. தண்ணீரை 15 கிராம் கூட்டுங்கள். முழுக்கக் கோதுமையில் இரண்டு முறை செய்தோம். கனமாகத்தான் இருந்தது. அதைச் சப்பாத்தியாகவே சாப்பிடலாம் என்பது என் கருத்து. மனைவி இதில் என்னோடு உடன்படவில்லை.

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், நீங்கள் செய்வது எங்கள் அச்சுப் பாண்தானே என்று எழுதியிருந்தார். அதேதான். பாண், மும்பையின் பாவ் இரண்டுமே போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. அவர் கேட்டது வேறு: டின்னில் மாவு எழும்பி நிற்கும்போது மின்சாரம் போனால்? டின்னை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், குளிரில் ஈஸ்ட் மந்தமாகிவிடும். வெந்துகொண்டிருக்கும்போது போனால் கதவைத் திறக்காதீர்கள். எங்களுக்கு ஒருமுறை பத்து நிமிடம் போய் வந்தது; சற்று குட்டையாக இருந்தாலும் பிரெட் தேறிவிட்டது.

அக்னி நட்சத்திரத்தில் பகலில் செய்வதையே விட்டுவிட்டோம். ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறைத்து, இரவில் பிசைந்து, கால் மணி நேரம் வெளியே விட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறோம். காலையில் எடுத்துச் சுருட்டி டின்னில் போட்டால் எழும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மாவு குளிர்ந்திருப்பதால்தான் அப்படி. அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள். ருசியும் இதில் கூடுதல்.

ஆறிய பிரெட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகிறது. இரண்டு நாளைக்கு வேண்டியதை டப்பாவில் வெளியே வைத்துவிட்டு, மீதியைத் துண்டுகளாக ஃப்ரீசரில் போடுங்கள். எடுத்தவுடன் நேராகத் தோசைக்கல்லில் போட்டு வாட்டலாம். நடுத்துண்டுகள் முதலில் தீர்ந்துவிடுகின்றன. இரண்டு முனைத் துண்டுகளை இருவருமே தொடுவதில்லை. அவை சேர்ந்ததும் வெள்ளிக்கிழமை இரவு பிரெட் உப்புமா.