லொக்பேக் கத்தி: கழற்றுவதற்கு முன்னால்

வெள்ளவத்தையில் தையல் மெசின் திருத்துவதுதான் என் தொழில். ஆனாலும் கனடா மாமாவோ லண்டன் சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்த மடக்குக் கத்திகளும் அடிக்கடி என் மேசைக்கு வரும். "அண்ணை, லொக் வடிவாப் பிடிக்குதில்லை, ஒருக்காக் கழற்றிப் பாருங்கோ" என்பார்கள். முக்கால்வாசிக் கத்திக்குக் கழற்றுகிற தேவையே இல்லை.

இவற்றில் பல லொக்பேக், அதாவது லொக் முதுகுப் பக்கம் இருக்கிற மடக்குக் கத்தி. அதன் பிடியின் முதுகில் ஒரு நீட்டு இரும்புச் சட்டம் இருக்கும். அது நடுவிலுள்ள ஆணியில் ஆடும். பின்னாலுள்ள ஸ்பிரிங் அதன் பின்முனையை வெளியே தள்ள, முன்முனைக் கொக்கி அலகின் அடியில் உள்ள வெட்டுக்குள் விழும். காற்சட்டைப் பொக்கற் தும்பும் மாம்பழச் சாறும் அந்த வெட்டில் இறுகினால் கொக்கி முழுதாக இறங்காது. 'டக்' என்று சத்தம் கேட்கும், பூட்டியிராது. விரல் வெட்டுப்படுவது இப்படித்தான். கத்தியை விரித்து முதுகைத் தடவிப் பாருங்கள். சட்டத்தின் முன்பக்கம் வழமையைவிட எழும்பி நின்றால் உள்ளே குப்பை.

பல்லுக்குத்தியால் அந்த வெட்டைக் கிளறுங்கள். பழைய பல் பிரஷ், சுடுதண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப் போதும். ஃபானுக்குக் கீழே நன்றாகக் காயவிட்டு, அலகு ஆணிக்கு ஒரு சொட்டு, சட்டத்து ஆணிக்கு ஒரு சொட்டு மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாட்பட்டால் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். தேசிக்காய் வெட்டினால் உடனே கழுவுங்கள். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றே போதும், கறள் பிடிக்க.

இனிக் கழற்றும் கதை. 1964இல் வந்த பக் 110 என்ற மடக்குக் கத்தி போன்றவை ஆணி அடித்து இறுக்கியவை. அவற்றைத் தட்டிக் கழற்றினால் பழையபடி பொருத்துவது பெரும்பாடு. விட்டுவிடுங்கள். ஸ்பைடர்கோ கம்பனியின் டெலிக்கா மாதிரி ஸ்குரூ போட்ட கத்திகளைத்தான் கழற்றலாம். ஸ்குரூத் தலை நட்சத்திர வடிவமாக இருக்கும், அளவு பெரும்பாலும் டி-6 அல்லது டி-8. அளவு சரியான பிட் (ஸ்குரூவில் பொருந்தும் முனை) இல்லாமல் தொடாதீர்கள். புறக்கோட்டையில் மலிவாக விற்கிற செட்டில் முனை மிருதுவான இரும்பு; தலையைத் தின்றுவிடும். ஸ்குரூ அசையாவிட்டால் பசை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சோல்டரிங் அயனின் நுனியைத் தலையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்குங்கள், இளகும்.

அலகை முழுதாக விரித்து, அதன் கூர்ப்பக்கத்துக்கு மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். அலகு பாதி விரித்த நிலையில் பிடியைக் கழற்றக் கூடாது, அப்போதுதான் ஸ்பிரிங் அதிகம் விறைத்திருக்கும். ஒரு பக்கப் பிடியை மெதுவாகத் தூக்கி, உள்ளே இருப்பதைத் தொடாமல் ஃபோனில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம், ஸ்பிரிங்கின் வளைவு எந்தப் பக்கம் என்பது பிறகு அந்தப் படத்தில்தான் தெரியும்.

திரும்பப் பொருத்தும்போது எல்லா ஸ்குரூவையும் அரைகுறையாக இறுக்கிவிட்டு, அலகு ஸ்குரூவைக் கடைசியில் சரிசெய்யுங்கள். பக்கவாட்டில் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கி, மயிரிழை தளர்த்தினால் போதும். பிறகு லொக்கை அமத்திப் பிடித்து அலகை ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் போய்வர வேண்டும்.

தோலுறையில் போட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கத்தியில் பித்தளைப் பாகம் இருந்தால் பச்சைக் களிம்பு ஏறும்.